ஆறு ஆம்பியருக்குள் எத்தனை அறைகள்?

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் பழைய வீடுகள் பலவும் ஒரே ஒரு குடும்பம் வாழ்வதற்காகக் கட்டப்பட்டவை. கூடத்தில் ஒரு டியூப்லைட், அறைக்கு ஒரு ஃபேன், சமையலறையில் மிக்சிக்கு ஒரு பிளக் பாயின்ட், வாசலில் ஒரு பல்பு. அன்றைக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அதற்கேற்ற வயரைத்தான் சுவருக்குள் புதைத்தார்கள். அந்த வீடுகளின் மேல் இப்போது இரண்டாம் தளமும் மூன்றாம் தளமும் எழும்பியிருக்கின்றன. கூடத்தைத் தடுத்து இரண்டு அறை, மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு ஓர் அறை, மாடிப்படிக்குக் கீழே சின்னதாக ஒரு சமையலிடம். ஒவ்வோர் அறைக்கும் தனிச் சாவி, தனி வாடகை. கரன்ட் மட்டும் பல வீடுகளில் கீழே இருக்கும் அதே பழைய இணைப்பிலிருந்து, பழைய வயரின் நுனியில் புது வயரை முறுக்கி டேப் சுற்றி, மேலே மேலே போகிறது.

அறைகள் பெருகியதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆசிரமத்தில் தங்கக் கட்டணம் கிடையாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு இடம் பெற வேண்டும், அதுவும் சில நாட்களுக்குத்தான். மாதக்கணக்கில் இருக்க வருகிறவர்கள் வெளியே அறை பார்த்தே ஆக வேண்டும். 1934இல், ரமண மகரிஷியைப் பற்றிப் பேசிய பால் பிரண்டனின் புத்தகம் வெளிவந்த பிறகு, கடல் தாண்டி இந்த மலையடிவாரத்துக்கு வருகிறவர்களின் வரவு நின்றதே இல்லை. கார்த்திகை தீபத்தை ஒட்டிக் கூட்டம் சேர்ந்தால் கோடை தொடங்கும் வரை அறைகள் நிறைந்திருக்கும். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பௌர்ணமிதோறும் வருகிறவர்கள் தனி. ஓய்வுபெற்ற பின் கடைசிக் காலத்தை இங்கே கழிக்க வந்துவிட்ட பெரியவர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்கு இடம் கொடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை. எத்தனையோ உள்ளூர்க் குடும்பங்களுக்கு அதுதான் வருமானம்.

அப்படி ஓர் அறைக்குள் இருக்கும் சாமான்களைக் கவனித்துப் பாருங்கள். டீ போட ஒரு கெட்டில். கஞ்சியோ கிச்சடியோ வைத்துக்கொள்ள ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. வெந்நீருக்கு இம்மர்ஷன் ராடு. ஒரு அயர்ன் பாக்ஸ், ஒரு லேப்டாப், இரண்டு மூன்று சார்ஜர். சித்திரை, வைகாசி என்றால் ஒரு ஏர்கூலரும் சேரும். சுவரில் இருப்பதோ ஒரே பிளக் பாயின்ட். ஆகவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கப்படுகிறது. கட்டில் வரைக்கும் எட்டவில்லை என்றால் அதன் வாலில் இன்னொன்று.

நாலு துளையோ ஆறு துளையோ உள்ள அந்தப் பெட்டியை நான் அற்பமான பொருளாக நினைக்கவில்லை. ஓர் அறையில், ஒரு வீட்டில், ஒரு தெருவில் உள்ள மின்சாரத்தைப் பலருக்கும் பல கருவிகளுக்கும் பங்கிடுகிற வேலை கடைசியில் அதன் மேல்தான் வந்து விழுகிறது. பங்கிடுகிற இடத்தில் கணக்கு வைக்க ஓர் ஆள் வேண்டும். இந்தத் தெருக்களில் அந்த ஆள் யார் என்று யாரும் இன்னும் தீர்மானிக்கவில்லை. வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனை நம்புகிறார். எலக்ட்ரீஷியன் வீட்டுக்காரர் சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறார். தங்க வந்தவர் சுவரில் துளை இருக்கிறது, அதில் பிளக் நுழைகிறது, ஆகவே அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேருக்கும் நடுவில் அந்தக் கணக்கு அநாதையாகக் கிடக்கிறது.

தண்ணீராக இருந்தால் இந்தச் சிக்கல் தானாகவே வெளிப்பட்டுவிடும். ஒரே குழாயிலிருந்து நாலு வீட்டுக்குத் தண்ணீர் போனால், நாலாவது ஆள் திறந்ததும் முதல் ஆளின் குழாயில் தண்ணீர் மெலியும். சத்தம் வரும், சண்டை வரும், பங்கு பேசப்படும். மின்சாரத்தில் அந்தச் சண்டை வருவதில்லை. வீட்டில் உள்ள கருவிகள் எல்லாம் பக்க இணைப்பில் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதே 230 வோல்ட். கெட்டில் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. அடுப்பு தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இன்னொன்று ஓடுகிறதே என்று எதுவும் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை. விளக்கு லேசாக மங்கலாம், அவ்வளவுதான். எல்லாருக்கும் முழுப் பங்கும் கிடைத்துக்கொண்டே இருக்கும். அத்தனை பேருடைய பங்கையும் சேர்த்துத் தூக்குவது பொதுவாக ஓடும் அந்த ஒரு வயரும், அந்த ஒரு பிளக்கும், அந்த ஒரு பித்தளைப் பட்டையும்தான். அவை சூடாவது கண்ணுக்குத் தெரியாது.

கணக்கு கடினமானது அல்ல. கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 1,500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் நாலேகாலுக்குச் சற்று மேல். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு எட்டே முக்கால் அளவுக்கு. கடையில் நாம் சாதாரணமாக வாங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பது 6 ஆம்பியர். துளை ஒவ்வொன்றுக்கும் ஆறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெட்டி முழுவதற்கும் சேர்த்துத்தான் ஆறு. அதாவது 1,380 வாட். ஒரு கெட்டிலை மட்டும் போட்டாலே அளவு தாண்டிவிடுகிறது. பதினாறு ஆம்பியர் பிளக்கோடு வரும் கருவியை ஆறு ஆம்பியர் துளையில் செருகுவதற்கென்றே ஒரு மாற்று பிளக் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிறது. அந்தக் கருவிக்குத் தடித்த முள் வைத்தவர் ஒரு காரணத்தோடுதான் வைத்தார். இதை உள்ளே நுழைய விடாதே என்பதுதான் அந்தத் தடிமனின் பொருள்.

வயரில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1840களில் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல் கண்டுசொன்ன விதி இது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் ஒரே பெட்டியில் ஒன்றாக ஓடினால் ஏறக்குறைய 11 ஆம்பியர். ஆறு ஆம்பியரில் எழுவதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் சூடு. அடுப்பையும் சேர்த்தால் பத்தொன்பதரை ஆம்பியர். சூடு பத்து மடங்கைத் தாண்டும். வயரைச் சுற்றியிருக்கும் சாதாரணப் பி.வி.சி. உறை 70 டிகிரி வரை தாங்குவதற்கென்று செய்யப்பட்டது. அந்த வயரைச் சுருட்டி வைத்தாலோ, பாய்க்கும் மெத்தைக்கும் அடியில் ஓட்டினாலோ சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் ஏறும். துளை தளர்ந்து, பிளக் ஆடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு புள்ளியில் எல்லாச் சூடும் குவியும். பிளக்கைச் சுற்றிப் பழுப்பேறிய பிளாஸ்டிக், கருவாடு கருகினதுபோல ஒரு வாடை: பெரும்பாலும் அந்த வீடு கொடுக்கும் முதல் எச்சரிக்கை அதுதான்.

‘எம்.சி.பி. இருக்கிறதே, அதிகமானால் டிரிப் ஆகிவிடும்’ என்பது இந்தத் தெருக்களில் நான் அடிக்கடி கேட்கும் பதில். படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன்.

எம்.சி.பி. என்பது பளு கூடினால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16ஐத் தொட்டதும் விழுந்துவிடும் என்று பொருளில்லை. அதன் தர விதிப்படி, எழுதியிருக்கும் அளவைப்போல 1.13 மடங்கு ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக்கூடாது, 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியருக்கு மேல் போனால், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் துண்டிக்கும், அது வேறு. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து 11 ஆம்பியர். சுவரில் இருப்பது ஆறுக்கும் பதினாறுக்கும் பொதுவான பிளக் பாயின்ட். பின்னால் 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு இது சாதாரண நாள். என்றைக்கும் விழாது. மூன்று கருவியும் சேர்ந்து பத்தொன்பதரை ஓடினாலும் ஒரு மணி நேரம் தாண்டி அசையாமல் இருக்கலாம். இதற்குள் தரையில் கிடக்கும் ஆறு ஆம்பியர் பெட்டி என்ன ஆகியிருக்கும்? எம்.சி.பி. காவல் காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. சுவருக்கு வெளியே நாம் வாங்கிச் செருகிய பெட்டியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

பிரிட்டனில் 1947இல் ஒரு புதிய பிளக்கைக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு சின்ன ஃபியூஸை வைத்தார்கள். 30 ஆம்பியர் வளையத்தில் பல கருவிகள் தொங்குவதால், ஒவ்வொரு கருவியின் வாலுக்கும் தனிக் காவல் வேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நாம் வைத்துக்கொண்டது அதற்கு முந்தைய உருண்டை முள் பிளக்கை. அதில் ஃபியூஸ் கிடையாது. ஆகவே நம் நாட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே ஃபியூஸோ, அழுத்தி மீட்கும் பொத்தானோ இருப்பது மிகவும் முக்கியம். அது இருக்கிற பெட்டி கொஞ்சம் விலை கூடுதல். அறையை வாடகைக்கு விடுகிறவர்கள் மலிவானதைத்தான் பெரும்பாலும் வாங்கிப் போடுகிறார்கள்.

பழைய பீங்கான் பீஸ் கட்டை நினைவிருக்கிறதா? மெல்லிய ஈயம் பூசிய செம்புக் கம்பி ஒன்றை அதில் கட்டுவார்கள். வீட்டின் மொத்த வயரிங்கிலும் முதலில் உருகட்டும் என்று வேண்டுமென்றே பலவீனமாக வைத்த இடம் அது. அடிக்கடி பீஸ் போகிறது என்று நாம் என்ன செய்தோம்? இரண்டு இழை சேர்த்து முறுக்கினோம். கையில் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டினோம். எச்சரிக்கையை நிறுத்திவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்றோம். இப்போது எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் 16ஐ எடுத்துவிட்டு 25 போடச் சொல்கிறோமே, அதுவும் அதே செயல்தான். சுவருக்குள் கிடப்பது ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரா, இரண்டரையா, இல்லை முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய அலுமினியக் கம்பியா என்று பார்க்காமல் அளவை ஏற்றுவது, உள்ளே இருக்கிறவர்களின் உயிரைப் பணயம் வைப்பது. அலுமினியத்தோடு செம்பை வெறுமனே முறுக்கி வைத்த இணைப்பு நாளடைவில் அரித்து, தடை கூடி, அங்கேயே சூடேறும். பழைய வீட்டின் மேல் புதுத் தளம் எழுப்பியவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

ரமணாசிரமப் பகுதிக்கென்றே இன்னோர் ஆபத்தும் உண்டு. ஐரோப்பியர் கொண்டுவரும் இரண்டு முள் பிளக்கின் முட்கள் நம் ஆறு ஆம்பியர் துளைக்குள் நுழைந்துவிடும். இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சார்ஜர் போன்ற சிறிய கருவிகளின் முள் 4 மில்லிமீட்டர், பெரிய கருவிகளுடையது 4.8, நம்முடையது 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே போனதும் ஆடும். ஆடுகிற இடத்தில் பொறி. பெரிய கருவிகளின் பிளக்கில் எர்த் தொடர்பு பக்கவாட்டில் இருப்பதால், நம் சுவரின் எர்த் துளையோடு அது சேர்வதே இல்லை. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஹேர் டிரையரை முள்ளை மட்டும் மாற்றிச் செருகினால், வோல்ட் ஏறக்குறைய இரட்டிப்பாவதால் எழும் வெப்பம் நான்கு மடங்கை நெருங்கும். முள்ளை மாற்றுகிற அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. வந்திறங்கும் விருந்தினருக்கு இதை எடுத்துச் சொல்ல ஒருவராவது வேண்டும். கோயிலுக்கு எப்படிப் போவது, செருப்பை எங்கே விடுவது என்றெல்லாம் அன்போடு சொல்லிக் கொடுக்கும் வீட்டுக்கார அம்மாக்கள் இதையும் சொல்லலாம்.

தீ ஒரு பக்கம், ஷாக் இன்னொரு பக்கம். குளியலறையில் ஈரக் கையோடு ஹீட்டரைத் தொடும்போது உடம்பு வழியாகத் தரைக்குப் பாய்வது பத்தில் ஒரு ஆம்பியராக இருந்தாலே இதயம் நின்றுபோகலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதைக் கண்டுகொள்ளும் கருவி ஆர்.சி.சி.பி.; நம் ஊரில் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். பேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். அப்படியிருந்தும், விருந்தினர் அறைகளுக்கு மார்பிள் தரை போட்டவர்களில் எத்தனை பேர் இதை மாட்டியிருக்கிறார்கள்? 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றின் விலை அந்த அறையின் ஒரு மாத வாடகையைவிடக் குறைவு.

நம் மாநிலம் இதற்கெல்லாம் விலை கொடுத்திருக்கிறது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோ எடுப்பதற்காகப் போட்டிருந்த விளக்கின் மின்இணைப்பில் கிளம்பிய பொறி பந்தலில் பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கல்யாண வீட்டில் வீடியோக்காரருக்கு எங்கிருந்து லைன் கொடுப்பது என்று யாராவது உட்கார்ந்து யோசிப்பார்களா? கிடைத்த பாயின்ட்டில் செருகுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். 2018 பிப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, அங்கிருந்த கடைகள் எரிந்து, பல நூற்றாண்டுகள் நின்ற கல் தூண்கள் சரிந்தன. மின்கசிவுதான் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. கல்லே தாங்கவில்லை. 2024 செப்டம்பர் 12 விடியற்காலையில் அதே மதுரையில், கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதி. குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததில், தூக்கத்திலிருந்த பெண்கள் புகையில் மூச்சுமுட்டி இறந்தார்கள். படிக்கவும் வேலைக்கும் வந்து, மாத வாடகைக்கு அறையைப் பகிர்ந்து தங்கியிருந்தவர்கள். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள அறைகளை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த விடுதிதான்.

இந்தச் செய்திகளில் எல்லாம் ‘மின்கசிவு’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். மழை பெய்தது, இடி விழுந்தது என்பதுபோல. மின்சாரம் தானாக எங்கும் கசிவதில்லை. யாரோ இழுத்த வயரில், யாரோ அதிகமாக ஏற்றிய பளுவில், யாரோ பார்க்காமல் விட்ட இணைப்பில் அது நடக்கிறது. அந்தச் சொல்லை எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பங்கீட்டைச் செய்தது யார் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

அறைகளை விட்டுத் தெருவுக்கு வருவோம். பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பழக்கடை, டீக்கடை, பொம்மைக் கடை, கரும்புச்சாறு வண்டி என்று வழிநெடுக விளக்கு எரியும். பக்கத்து வீட்டிலிருந்து, மடத்திலிருந்து, பெரிய கடையிலிருந்து ஒரு லைன் வாங்கி, அதை இன்னொரு கடைக்குக் கொடுத்து, அவர் அடுத்தவருக்குக் கொடுத்து என்று போகும் வயர்கள் உண்டு. ஒரு பல்பு, ஒரு செல்போன் சார்ஜர் வரைக்கும் இதில் பெரிய பளு இல்லை. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு எத்தனை எரிந்தால்தான் என்ன? பளுவைவிட இங்கே கவலை தருவது தரையில் கிடக்கும் இணைப்பு. லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கிற பாதை இது. ஒரு மழை போதும். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு ராத்திரிக்கு அவருக்கு முறையான தற்காலிக இணைப்பு எளிதில் கிடைக்கும்படி செய்திருக்கிறோமா என்றுதான் கேட்க வேண்டும். அன்னதானம் செய்கிறவர் முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு தீபத் திருவிழாவில் இருக்கிறது. சோற்றுக்குக் காட்டும் அதே அக்கறையை வயருக்கும் காட்டலாம்.

தெருவில் பங்கிடுவது இன்னும் நுட்பமான வேலை. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் மூன்று பேஸையும் வீடுகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பேஸில் மட்டும் புது லாட்ஜுகளும் ஏ.சி.களும் சேர்ந்துவிட்டால் பளு ஒரு பக்கமாகச் சாயும். பொது நியூட்ரல் தளர்ந்தோ அறுந்தோ போனால், பளு குறைந்த பேஸில் இருக்கும் வீடுகளுக்குள் 230க்குப் பதிலாக 300, 350 என்று வோல்ட் ஏறி, டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் கருகும். ஒரு வீட்டுக்காரர் அனுமதி பெற்ற அளவைத் தாண்டி மறைவாக ஏ.சி. மாட்டினால் அதன் விளைவைச் சுமப்பது மூன்று வீடு தள்ளி இருக்கிற, அவரை முகம்கூடப் பார்த்திராத ஒரு குடும்பம். மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு எழுதிக் கொடுத்துப் பணம் கட்டுவது வெறும் சம்பிரதாயம் என்று எண்ணாதீர்கள். அந்தத் தாளை வைத்துத்தான் தெருவுக்கு இன்னொரு டிரான்ஸ்பார்மர் வேண்டுமா என்பது தெரியவரும்.

நாட்டளவில் இதை நாம் பாடுபட்டுக் கற்றிருக்கிறோம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து, இரண்டாம் நாளில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. சில மாநிலங்கள் தங்கள் பங்கைத் தாண்டி இழுத்ததும் காரணங்களில் ஒன்று என்று விசாரணைக் குழு சொன்னது. தென்னகத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு முழுமையாக இணைக்கப்படாமல் இருந்ததால் தப்பித்தோம். 2013 கடைசி நாளில் ராய்ச்சூர் – சோலாப்பூர் லைன் வழியாகத்தான் ஒரே தொகுப்பானோம். இன்று சென்னையில் மாநிலத்துக்கும் பெங்களூரில் தென்மண்டலத்துக்கும் உள்ள பளு பகிர்வு மையங்களில், இரவும் பகலும் ஆள் உட்கார்ந்து 50 ஹெர்ட்ஸ் பிசகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்ற கணக்கு பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகிறது. அத்தனை கவனத்தோடு வந்து சேரும் மின்சாரம், ஆசிரமத்தை ஒட்டிய ரமண நகரில் ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் டேப் சுற்றிய இணைப்பைத் தொட்டதும், கேட்பாரற்றதாகிவிடுகிறது.

நெருப்பைப் பொறுப்போடு கையாள இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை வைத்து, ஆயிரக்கணக்கான கிலோ நெய்யைச் சேர்த்து, பதினோரு நாள் எரியும் தீபத்தை ஏற்றுகிற ஊர் இது. தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் அந்தப் பொறுப்பைச் சுமக்கிறார்கள். எவ்வளவு நெய், எவ்வளவு திரி, யார் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் முன்பே தீர்மானமானது. அவ்வளவு பெரிய நெருப்புக்கு ஆள் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் பெட்டிக்கு இல்லை.

ரமணர் இருந்த காலத்து ஆசிரமத்திலும் பங்கீடு கண்ணும் கருத்துமாக நடந்த காரியம். தனக்கென்று தனியாகக் கொண்டுவந்த பண்டத்தை அங்கிருந்த எல்லாருக்கும் கொடுத்த பிறகே அவர் ஏற்பார் என்பதை உடனிருந்தவர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். விடியற்காலையில் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குவார். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுப்பார். இன்றும் பகல் உணவுக்கு முன்னால் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் ஆசிரம வாசலில் சோறு போடுகிறார்கள். கொடுப்பது எவ்வளவு, வாங்குகிறவர் எத்தனை பேர், கடைசியில் நிற்கிறவருக்கு மிஞ்சுமா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் இது நடக்கும். ரமணர் பெயரைச் சொல்லி அறை வாடகைக்கு விடுகிறவர்களிடம் அந்தக் கவனத்தை எதிர்பார்ப்பது தவறா? இந்தக் கணக்கு தவறினால் அடிபடுகிறவர் பெரும்பாலும் கணக்கைப் போட வேண்டியவர் அல்ல என்பதுதான் என்னை உறுத்துகிறது. தகரக் கூரை அறையில் படுத்திருக்கும் வயதான பெண்மணி, அறை துடைக்க வரும் அம்மா, கம்பத்தில் ஏறும் லைன்மேன் என்று யாரோ ஒருவர் அங்கே அகப்பட்டுக்கொள்கிறார்.

ஆகவே வீடு வைத்திருக்கிறவர்களிடம் நேராகவே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கார்த்திகைக்கு முன்னால், உரிமம் உள்ள மின்பணியாளர் ஒருவரை அழைத்து வீடு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சுவரில் எவ்வளவு தடிமனான வயர் இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வாங்கி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டுங்கள். கெட்டில், அடுப்பு, ஹீட்டர் வைக்கிற அறைக்கு டிஸ்டிரிபியூஷன் போர்டிலிருந்தே இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன் இழுங்கள். அதற்குத் தனி எம்.சி.பி., தனி 16 ஆம்பியர் பாயின்ட். எர்த் உண்மையிலேயே பூமிக்குப் போகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளைதான். முழு வீட்டுக்கும் ஆர்.சி.சி.பி. போடுங்கள், அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜரும் விளக்கும் லேப்டாப்பும் மட்டும் என்று அறைக் கதவின் உள்பக்கம் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். அறை எடுக்க வருகிறவர்களும் வைஃபை வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேளுங்கள். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால் அன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள். சரி செய்யும் வரை அதைப் பயன்படுத்தாதீர்கள். வெளிநாட்டு நண்பருக்கு உதவுகிறவர்கள், வந்த முதல் நாளே அவருடைய பிளக்கை வாங்கிப் பாருங்கள்.

தெருவில் வயர் தாழ்ந்து தொங்கினாலோ, கம்பத்தில் பொறி பறந்தாலோ, விளக்குகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தாலோ, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தைக் கூப்பிடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருப்பார்கள். எண் 94987 94987.